பலா மரத்தை எரித்த பையன்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற சாலையில், செய்யாற்றங்கரையில், மாகறல் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஞானசம்பந்தர் பாடிய தலம். திங்கட்கிழமை என்றால் கோயிலில் கூட்டத்துக்குக் குறைவிராது. என் பெரியப்பா வீடு அங்கே தான் என்பதால் எனக்கும் அந்த ஊருக்கும் சின்ன வயசிலிருந்தே சிநேகம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை அங்கே போயிருந்தேன். போன காரியம் அவ்வளவு சந்தோஷமானதல்ல. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஒரு கதையைக் கேளுங்கள். அந்தக் கோயிலின் தல புராணத்தில் வருகிற கதைதான்.

இராஜேந்திர சோழன் காலத்தில் நடந்ததாகச் சொல்வார்கள். மாகறலில் ஒரு பலா மரம் இருந்தது. பிரம்மதேவர் உண்டாக்கிய மரமாம். தினம் ஒரு பழம் பழுக்குமாம். ஒரு நாள் கூடத் தவறாதாம். அரசன் காதுக்கு இந்தச் செய்தி எட்டியது. அந்தப் பழத்தை அன்றாடம் சிதம்பரத்துக்குக் கொண்டு போய் நடராஜப் பெருமானுக்கு நைவேத்தியம் செய்ய வேண்டும், பிரசாதம் தனக்கு வந்து சேர வேண்டும் என்று உத்தரவு போட்டு விட்டான்.

மாகறல் எங்கே, சிதம்பரம் எங்கே? 150 கிலோ மீட்டருக்குக் குறையாது. அந்த நாளில் பஸ்ஸா, ரயிலா? தலைச் சுமைதான். பலாப் பழத்தைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு அதன் கனம் தெரியும், முள்ளும் தெரியும். வீட்டுக்கு ஒருவர் என்று முறை வைத்துக் கொண்டு ஊரார் சுமந்தார்கள். கழுத்து வலித்திருக்கும், கால் வீங்கியிருக்கும், வயல் வேலை கெட்டிருக்கும். ஆனால் வாயைத் திறந்து சொன்னவர் ஒருவருமில்லை. ராஜா உத்தரவு அல்லவா!

ஒரு நாள் ஒரு சிறுவனுடைய முறை வந்தது. பையன் யோசித்தான். மரம் இருந்தால்தானே பழம்? பழம் இருந்தால்தானே சுமை? யோசனை முடிந்ததும் காரியத்தில் இறங்கினான். மரத்துக்குத் தீ வைத்து விட்டான்.

பழம் வரவில்லை. அரசன் விசாரித்தான். பையன் ஒன்றையும் ஒளிக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னான். அரசன் அவனை நாடு கடத்தும்படி தண்டனை விதித்தான். இரவோடிரவாகக் கண்ணைக் கட்டி அழைத்துப் போய், பொழுது விடிந்த இடத்தில் விட்டு விட்டார்களாம். பக்கத்திலிருக்கும் விடிமாகறல் என்ற ஊருக்கு அதனால்தான் அந்தப் பெயர் என்பார்கள்.

கதை இதோடு முடியவில்லை. ஓர் உடும்பு பாக்கி இருக்கிறது. அது கடைசியில் வரும்.

கோயில் மண்டபத்தில் இதை எனக்குச் சொன்னவர் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர். சொல்லி முடித்து விட்டு, வெற்றிலைப் பெட்டியை மூடிக் கொண்டே ஒரு கேள்வி கேட்டார்.

"பையன் செய்தது சரியா, தப்பா?"

"மரத்தை எரித்தது தப்புத்தானே?" என்றேன்.

"செயல் தப்பு. காரணம்?"

நான் பேசாமலிருந்தேன்.

"பாருங்கள், தம்பி. ஊரில் எத்தனையோ பேர் கழுத்தில் அந்த வலி இருந்தது. மரம் சாம்பலான பிறகுதான் 'ஏன்?' என்று ஒருத்தன் கேட்டான். அந்தக் கேள்வியை முன்னாலேயே கேட்டிருந்தால் மரமும் இருந்திருக்கும், பையனும் ஊரில் இருந்திருப்பான்" என்றார். பிறகு, தொண்டையைக் கனைத்துக் கொண்டு, "நானும் ஒரு பையனை நாடு கடத்தினவன்தான்" என்று ஆரம்பித்தார்.

அவர் வேறோர் ஊரில் வேலை பார்த்த காலம். ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன். கணக்கு வகுப்பு வந்தால் போதும், ரகளை ஆரம்பமாகி விடும். பக்கத்துப் பையனைக் கிள்ளுவான், பெஞ்சைத் தட்டுவான், ஒரு நாள் பாடப் புத்தகத்தையே கிழித்து விட்டான். வாத்தியார், "வெளியே போடா!" என்று விரட்டுவார். பையன் வேப்ப மரத்தடியில் போய் உட்கார்ந்து கொள்வான். வகுப்பு அமைதியாகும். வாத்தியாருக்கு நிம்மதி. மறு நாள் அதே கதை. இப்படி ஒரு பருவம் முழுவதும் நடந்தது.

"தண்டனை கொடுக்கிறேன் என்று நான் நினைத்துக் கொண்டிருந்தேன். அவனோ பரிசு வாங்கிக் கொண்டிருந்தான்! அவனுக்கு வேண்டியது வேப்ப மரத்தடி. அதற்குச் சீட்டு வாங்குகிற வழி கிள்ளுவது என்று நானே கற்றுக் கொடுத்திருக்கிறேன்."

உண்மை தற்செயலாகத்தான் வெளி வந்தது. ஒரு நாள் கடைத் தெருவில் அந்தப் பையன் தன் தகப்பனாருக்கு மனக் கணக்காகவே பாக்கி சொல்லிக் கொண்டிருந்தானாம். எண்ணில் புலி! புத்தகத்தில் இருக்கும் கணக்கின் வாசகத்தைத்தான் அவனால் படிக்க முடியவில்லை. எழுத்துக்கள் அவனுக்குப் பிடி கொடுக்கவில்லை. நாற்பது பேர் எதிரில் எழுந்து நின்று திணறுவதை விட, கிள்ளி விட்டு வெளியே போவது கௌரவம் என்று அந்தப் பிஞ்சு மனசு முடிவு கட்டியிருக்கிறது. மறு நாளிலிருந்து வாத்தியார் கணக்கை அவனுக்கு வாயால் சொன்னார். படிப்பதற்குத் தனியே சாயங்காலம் அரை மணி ஒதுக்கினார். கிள்ளல் ஒரேயடியாக நின்று விடவில்லை. ஆனால் வரவரக் குறைந்து போயிற்று.

"அந்த ஒரு பருவத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாதல்லவா?" என்றார் வாத்தியார். அதற்கு நான் என்ன பதில் சொல்ல?

இந்தப் பேச்சு அன்று என் மனசில் ஏன் அப்படித் தைத்தது என்றால், நான் மாகறலுக்கு வந்திருந்த காரியமே ஏறக்குறைய இதுதான்.

என் பாட்டிக்கு வயசு எண்பத்து நாலு. டிமென்ஷியா என்கிறார்களே, அந்த மறதி நோய் வந்து மூன்று வருஷம் ஆகிறது. பகலெல்லாம் சாது. மாலை ஆறு மணி ஆனால் வேறு ஆள். இரண்டு புடைவையை மூட்டை கட்டிக் கொண்டு வாசற்படிக்கு வந்து விடுவாள்.

"நான் வீட்டுக்குப் போகணும்."

"இதுதானே உங்க வீடு?" என்பார் பெரியம்மா.

"இது என் வீடில்லை. நீ யாரு? கதவைத் திற!"

கதவைப் பூட்டினார்கள். பாட்டி கதவை உதைத்தாள். கையைப் பிடித்து இழுத்தார்கள். பாட்டி பெரியம்மாவின் முழங்கையைப் பிறாண்டி விட்டாள். அதற்கு முந்தின வாரம் வெந்நீர்ச் சொம்பு பறந்து வந்ததாம். பெரியம்மா காயத்தைக் காட்டவில்லை. முந்தானையால் மூடிக் கொண்டார். "முப்பத்தஞ்சு வருஷமா என்னை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை, தம்பி. இப்போ என்னைப் பார்த்து 'திருடி'ன்னு சொல்றாங்க" என்று அழுதார்.

குடும்பத்தில் ஆலோசனைக் கூட்டம் நடந்தது. ஒருவர், தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்து விடலாம் என்றார். இன்னொருவர் குரலைத் தாழ்த்திக் கொண்டு, "சாயங்காலத்தில் மட்டும், மெல்லிசுத் துணியாலே, கட்டிலோடு…" என்று இழுத்தார். அவர் கெட்ட மனிதரல்ல. பாட்டி செய்யாற்றுப் பக்கம் போய் விட்டால் என்ன செய்வது என்ற பயம் அவருக்கு. "ஒரு மாசம் பார்ப்போமே" என்றேன் நான். வேறென்ன சொல்வதென்று எனக்கும் தெரியவில்லை.

நேயர்களே, 'கட்டிப் போடுவது' என்ற வார்த்தை தமிழ் நாட்டில் சாதாரண வார்த்தை அல்ல. 2001-ஆம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி அதிகாலையில், ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த தனியார் இல்லம் ஒன்றின் கொட்டகையில் தீப்பிடித்தது. அங்கிருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டு போனார்கள்.

அவர்களைக் கொண்டு போய் விட்டவர்கள் கல் நெஞ்சர்களா? இல்லை. குணமாகும் என்ற நம்பிக்கையோடு, வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாமல் விட்டு வந்த தாயும் தகப்பனும் அண்ணன் தம்பிகளும்தான். நம்மைப் போன்றவர்கள்.

அந்தத் தீ நாட்டையே உலுக்கியது. சுப்ரீம் கோர்ட்டு தானாகவே வழக்கை எடுத்துக் கொண்டது. இன்று 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் உள்ள எவரையும் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று சொல்கிறது. மனநல நிலையங்களில், உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோதுதான், பொறுப்பிலுள்ள மனநல டாக்டரின் அனுமதியோடு, அவசியமான நேரத்துக்கு மட்டும் ஒருவரைக் கட்டுப்படுத்தலாம். தண்டனையாகக் கூடாது; ஆள் பற்றாக்குறை என்று சாக்குச் சொல்லியும் கூடாது. பள்ளிக்கூடத்துக்கும் இப்படி ஒரு வேலி உண்டு. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, குழந்தையை அடிப்பதையும் மனம் நோகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது.

சரி, அடிக்கக் கூடாது, கட்டக் கூடாது. பின்னே என்னதான் செய்வது? சட்டம் பிரம்பை வாங்கி வைத்துக் கொண்டது. வெறுங் கையோடு நிற்கிற வாத்தியாருக்கும் பெரியம்மாவுக்கும் யார் வழி சொல்வது?

வழி சொன்னவர்களில் ஒருவர் நம்மூரிலேயே வசித்திருக்கிறார். மேரியா மாண்டிசோரி அம்மையார்தான். பிறந்தது இத்தாலியில். 1939-ஆம் வருஷத்தில், அறுபத்தொன்பதாவது வயசில், சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார். யுத்தத்தின் காரணமாக இந்தியாவில் பல வருஷங்கள் தங்கும்படி ஆயிற்று. கோடைக்கானலிலும் இருந்தார். இன்று தெருவுக்குத் தெரு 'மாண்டிசோரி' பலகை தொங்குகிறதே, அதற்கு விதை ஊன்றியவர் அவர்.

அம்மையார் முதலில் டாக்டர். 1896-இல் பட்டம் பெற்று, ரோமாபுரியில் மனநோய் விடுதிகளைப் பார்க்கப் போய்க் கொண்டிருந்தார். அங்கே ஓர் அறையில், அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளை அடைத்து வைத்திருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் அந்தக் குழந்தைகள் தரையில் தவழ்ந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவார்களாம். காவலுக்கிருந்த ஸ்திரீ முகத்தைச் சுளித்துக் கொண்டு, 'பேராசை பிடித்த ஜந்துக்கள்' என்கிற தோரணையில் பேசினாள். அம்மையார் அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். நாலு சுவர். தரை. ஒரு பொம்மை இல்லை. ஒரு கட்டை இல்லை. கையால் தொட்டுப் பார்க்க ஒன்றுமே இல்லை. அந்த அறையில் விரலுக்கு அகப்படக் கூடிய ஒரே பொருள் ரொட்டித் துணுக்குதான்! குழந்தைகளின் வயிறு நிறைந்து விட்டது, பசித்தது கைகளுக்கு.

ஒரே காட்சி. ஒருத்தி அதில் கெட்ட குணத்தைப் பார்த்தாள். இன்னொருத்தி அதில் ஒரு தேவையைப் பார்த்தாள். 1907-இல் ரோமாபுரியில் ஏழைக் குழந்தைகளுக்காக அவர் திறந்த முதல் பள்ளிக்கு, இந்தப் பார்வைதான் அஸ்திவாரம் என்று சொல்லலாம்.

இதையே பிற்காலத்தில் விஞ்ஞானிகள் பரீட்சை செய்து பார்த்திருக்கிறார்கள். 1985-இல் அமெரிக்காவில் கார், டுராண்டு என்ற இரண்டு மனவியல் அறிஞர்கள், வளர்ச்சிக் குறைபாடுள்ள நாலு குழந்தைகளை எடுத்துக் கொண்டார்கள். எப்போது முரட்டுத்தனம் கிளம்புகிறது என்று முதலில் கவனித்தார்கள். சிலருக்குப் பாடம் கடினமாகும்போது கிளம்பிற்று. சிலருக்குப் பெரியவர்கள் தங்களைக் கவனிக்காதபோது கிளம்பிற்று. பாடத்தில் திணறுகிற குழந்தைக்கு, "எனக்குப் புரியவில்லை" என்று சொல்லப் பழக்கினார்கள். உடனே உதவி கிடைத்தது. கவனிப்புக்கு ஏங்குகிற குழந்தைக்கு, "நான் நன்றாகச் செய்கிறேனா?" என்று கேட்கப் பழக்கினார்கள், உடனே பாராட்டுக் கிடைத்தது. முரட்டுத்தனம் மளமளவென்று இறங்கியது. வேடிக்கை என்னவென்றால், வாக்கியத்தை மாற்றிக் கொடுத்துப் பார்த்தபோது பலிக்கவில்லை. வலிக்கு ஏற்ற மருந்தாக இருக்க வேண்டும். ஏதோ ஒரு மருந்து போதாது.

ஆகவே, முரண்டு பிடிக்கிற குழந்தையோ, நோயாளியோ, முதியவரோ உங்களிடம் ஏதோ சொல்ல வருகிறார். சொல்ல வார்த்தை இல்லை. அல்லது சொன்னபோது கேட்பாரில்லை. பெரும்பாலும் அது நாலில் ஒன்றாக இருக்கும். ஒன்று, ஏதோ ஒரு பொருள் வேண்டும். இரண்டு, ஏதோ ஒன்றிலிருந்து தப்ப வேண்டும். நம் வாத்தியாரின் பையனைப் போல. மூன்று, யாராவது தன்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும். நாலு, உடம்பு. இந்த நாலாவதைத்தான் நாம் சாமானியமாக மறந்து விடுகிறோம். பேச்சு வராத குழந்தை திடீரென்று தலையைச் சுவரில் முட்டிக் கொண்டால், 'பிடிவாதம்' என்று முடிவு கட்டுமுன் காதையும் பல்லையும் டாக்டரிடம் காட்டுங்கள். வயசானவர்கள் இரண்டு நாளில் தலைகீழாக மாறிப் போனால் மூத்திரத் தொற்று இருக்கலாம், மலச்சிக்கல் இருக்கலாம், புதிதாகச் சேர்த்த மாத்திரையின் வேலையாகவும் இருக்கலாம்.

எது என்று எப்படிக் கண்டு பிடிப்பது? ஒரு பழைய நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போதும். மூன்று பத்தி கோடு போடுங்கள். முதல் பத்தியில், ரகளைக்கு முன்னால் என்ன நடந்தது? எத்தனை மணி, யார் இருந்தார்கள், என்ன சத்தம்? இரண்டாவதில், என்ன செய்தார்? 'கெட்டபடி நடந்தார்' என்று எழுதாதீர்கள். 'சொம்பை எறிந்தார்' என்று எழுதுங்கள். மூன்றாவதில், அதற்குப் பிறகு நாம் என்ன செய்தோம். அவருக்கு என்ன கிடைத்தது? பத்து நாள் எழுதி விட்டுப் படித்துப் பாருங்கள். துப்பறியும் தொடர்கதை தோற்று விடும்.

வாத்தியார் எனக்கு இதைத்தான் சொல்லி அனுப்பினார். பெரியம்மாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. "அடி வாங்குறதுக்குக் கணக்கு வேறயா?" என்றார். ஆனாலும் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார்.

பத்தாவது நாள் நான் மறுபடி போனேன். நோட்டைப் பிரித்து வைத்துக் கொண்டு உட்கார்ந்தோம். எட்டு நாள் ரகளை. இரண்டு நாள் அமைதி. அந்த இரண்டு நாளில் என்ன விசேஷம்? பெரியம்மா விரலால் வரியைத் தடவிக் கொண்டே போய்ச் சட்டென்று நிறுத்தினார். "தம்பி! இந்த ரெண்டு நாளும் கரெண்டு இல்லை!"

கரெண்டு இல்லாவிட்டால் என்ன? டி.வி. ஓடாது. மற்ற நாளில் ஆறு மணிக்குக் கூடத்தில் டி.வி. அலறும்; அதில் யாராவது யாரையாவது திட்டிக் கொண்டிருப்பார்கள். பாட்டிக்கு அது தன் வீட்டில் நடக்கிற சண்டை. கூடத்து விளக்கை ஏழு மணிக்குத்தான் போடுவார்கள். அது வரையில் மூலையெல்லாம் இருட்டு. பெரியம்மாவோ அடுப்பங்கரையில் முதுகைக் காட்டிக் கொண்டு நிற்பார். தெரியாத இடம், இருட்டு, சண்டைக் குரல், முகம் காட்டாத மனிதர்கள்! நீங்களும் நானும் இருந்தாலும் மூட்டையைக் கட்ட மாட்டோமா? கரெண்டு போன இரண்டு நாளிலும் எல்லாரும் திண்ணையில் விளக்கை வைத்துக் கொண்டு பாட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவ்வளவுதான் சமாசாரம்.

டாக்டரிடமும் காட்டினோம். கடுமையான மலச்சிக்கல் இருந்தது. அதற்கு மருந்து கொடுத்தார். பிறகு மூன்று மாறுதல்கள் செய்தோம். ஐந்தரைக்கே எல்லா விளக்கும் எரியும். ஆறிலிருந்து ஏழு வரை டி.வி. கிடையாது. (இதற்குப் பெரியப்பா செய்த தியாகத்தைத் தனியே எழுத வேண்டும்.) மூன்றாவது, பாட்டிக்கு ஒரு வேலை. ஒரு தட்டில் பஞ்சைப் போட்டு எதிரே வைத்தால், விளக்குத் திரி திரிப்பாள். பெயர்கள் மறந்து விட்டன. பேரனே மறந்து விட்டான். ஆனால் விரல்கள் திரியை மறக்கவில்லை.

"வீட்டுக்குப் போகணும்" என்று சொன்னால், இப்போது பெரியம்மா வாதாடுவதில்லை. "உங்க வீட்டு வாசல்ல என்ன மரம் இருந்தது, அத்தே?" என்று கேட்கிறார். பாட்டி பிறந்த வீட்டு முருங்கை மரத்தையும், ஈன்ற பசுவையும் பற்றிச் சொல்ல ஆரம்பிக்கிறாள். கதை முடிவதற்குள் சாப்பாட்டு நேரம் வந்து விடுகிறது. நோய் போய் விடவில்லை, போகவும் போகாது. வாரத்தில் ஏழு நாள் நடந்த யுத்தம் இப்போது இரண்டு நாள் நடக்கிறது. அந்த ஐந்து நாள் பெரியம்மாவுக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லி விட வேண்டும். காரணம் கேட்பது வேறு. கேட்டதையெல்லாம் கொடுப்பது வேறு. மிட்டாய்க் கடை வாசலில் பிள்ளை புரண்டு அழுகிறான். ஒன்பது தடவை 'மாட்டேன்' என்று சொல்லி விட்டு, ஜனங்கள் பார்க்கிறார்களே என்று பத்தாவது தடவை வாங்கிக் கொடுக்கிறோம். பிள்ளை அன்று கற்ற பாடம், 'பத்து தடவை அழ வேண்டும்' என்பது! கொடுப்பதானால் முதலிலேயே, அவன் நல்லபடி கேட்கும்போதே கொடுங்கள். இல்லையென்றால் கடைசி வரை இல்லை. ஆனால் அந்த 'இல்லை'யைக் கையை ஓங்காமல் சொல்லுங்கள். கல்லை எடுக்கிறவன் கையிலிருந்து கல்லை வாங்கத்தான் வேண்டும். பக்கத்திலிருக்கும் குழந்தையைக் காப்பாற்றத்தான் வேண்டும். அது முதல் காரியம். அதோடு நம் வேலை முடிந்து விட்டதாக நினைப்பதுதான் தப்பு. புயல் அடிக்கும்போது உபதேசம் வேண்டாம். குரலைத் தாழ்த்தி, இரண்டு வார்த்தை பேசி, சற்று இடம் விட்டு நில்லுங்கள். பாடமெல்லாம் அமைதி வந்த பிறகு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பார்த்துக் கொள்கிறவர்களும் மனிதர்கள்தான். இரவு முழுவதும் கண் விழித்த தாயிடம் போய், "குழந்தை ஏன் அழுகிறது என்று யோசித்துப் பார், அம்மா" என்று சொல்வது சுலபம். முதலில் அவளைத் தூங்க வையுங்கள். பெரியம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை மாலையில் இப்போது விடுமுறை, பெரியப்பா காவல். வெளியாரிடம் யோசனை கேட்பதிலும் வெட்கமில்லை. மனம் தளர்ந்து போனால் 14416 என்ற எண்ணில் அரசாங்கத்தின் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது. 2022 முதல் நடந்து வருகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட ஊனங்களுள்ளவர்களுக்காகவே சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 2005-இல் மத்திய அரசாங்கம் ஒரு தேசிய நிறுவனம் நிறுவியிருக்கிறது. சென்னையிலுள்ள 'ஸ்கார்ப்' நிறுவனத்தை 1984-இல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கினார். தெருவில் விடப்பட்ட மனநோயாளிப் பெண்களுக்காக 1993-இல் 'பானியன்' தொடங்கியது. தனியாகத் தலைச் சுமையைத் தூக்கிக் கொண்டு சிதம்பரம் வரை நடக்க வேண்டுமென்று யாரும் உத்தரவு போடவில்லை.

இப்போது அந்த உடும்புக்கு வருவோம்.

பையனை விட்டு விட்டுத் திரும்புகிற வழியில், பொழுது புலர்கிற நேரம், அரசன் மாகறலில் ஒரு பொன்னிற உடும்பைக் கண்டான். பிடிக்கச் சொன்னான். ஆட்கள் விரட்டினார்கள். உடும்பு ஓடிப் போய் ஒரு புற்றுக்குள் நுழைந்து கொண்டது. புற்றை வெட்டினார்கள். உள்ளேயிருந்து இரத்தம் பெருகியது. அரசன் மயங்கி விழுந்தான். வந்தது இறைவன் என்று பிறகுதான் தெரிந்தது. அங்கே சிவலிங்கம் உடும்பின் வால் வடிவில் இருக்கிறது. பாரை பட்ட தழும்பை வைத்துப் 'பாரத்தழும்பர்' என்று ஒரு பெயர். 'அடைக்கலம் காத்த நாதர்' என்று இன்னொரு பெயர்.

பிடிவாதக்காரனை 'உடும்புப் பிடி' என்கிறோம். உடும்பு எப்போது அப்படிப் பிடித்துக் கொள்கிறது? யாரோ வாலைப் பிடித்து இழுக்கும்போதுதான். இழுக்க இழுக்க அதன் பிடி இறுகும். புராணத்தை நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் கதையாகக் கேளுங்கள். விரட்டினால் புற்றுக்குள் போகும், வெட்டினால் இரத்தம் வரும் என்பதில் மட்டும் இரண்டு கட்சிக்கும் தகராறு இருக்காது என்று நினைக்கிறேன்.

அன்று சாயங்காலம் நான் பட்டணத்துக்குப் புறப்பட்டேன். பாட்டி திண்ணையில் விளக்கடியில் உட்கார்ந்து பஞ்சைத் திரித்துக் கொண்டிருந்தாள். நான் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. கையிலிருந்த திரிகளில் ஒரு பிடி எடுத்துக் காகிதத்தில் சுற்றி என்னிடம் நீட்டினாள்.

"வீட்டுக்குத்தானே போறே? இருட்டிப் போச்சு. இதை எடுத்துக்கிட்டுப் போ" என்றாள்.